குதிரை இல்லாத திடலும் திடல் இல்லாத பந்தயமும்

மட்டக்களப்பு வாவிக்கரையிலே பிறந்து வளர்ந்த ஒருவன் குதிரைப் பந்தயத்தைப் பற்றி எழுத முற்படுவது வாசகர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எங்கள் நாடு பசுவும் எருமையும் நிறைந்த நாடு. எழுவான்கரையில் தென்னையும் மீனும், படுவான்கரையில் நெல்லும் தயிரும் என்று வாழ்ந்தவர்கள் நாங்கள். குதிரை என்றால் கோயில் வாகனசாலையில் தூசி படிந்து நிற்கும் மரக்குதிரைதான். திருவிழாவன்று அதைத் துடைத்து, சுவாமியை ஏற்றி, வீதிவலம் கொண்டுவருவார்கள். உயிருள்ள குதிரையைக் காணாமலே பிறந்து, வாழ்ந்து, மறைந்த தலைமுறைகள் எங்கள் ஊர்களில் உண்டு.

ஆயினும் குதிரைப் பந்தயம் எங்கள் வாவிக்கரைக்கும் வந்தது. குதிரை வரவில்லை, பந்தயம் மட்டும் வந்தது. அந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

இதை இப்போது எழுதத் தூண்டியது 2024-ஆம் ஆண்டு. அந்த ஓராண்டில் ஆசியாவின் பழைய பந்தயத் திடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஏப்பிரல் முதலாம் திகதியோடு மக்காவில் பந்தயம் முடிந்தது. கோடையிலே உதகமண்டலத்துப் பந்தயத் திடலின் 52 ஏக்கரைத் தமிழ்நாட்டு அரசு மீட்டுக்கொண்டது. செப்ரெம்பரில் சென்னைக் கிண்டியின் வாயிற்கதவுக்குப் பூட்டு விழுந்தது. ஒக்டோபர் 5-ஆம் திகதி சிங்கப்பூர் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடியது. இச்செய்திகளைப் படித்தபோது எனக்குக் கொழும்பு நினைவுக்கு வந்தது. இவர்களெல்லாம் இப்போது நடக்கும் பாதையில் எங்கள் தலைநகரம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே நடந்து முடித்துவிட்டது. அந்தப் பாதை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள்.

நான் பத்திரிகைத் தொழிலில் சேர்ந்தது 1970-களின் தொடக்கத்தில். அப்போது எங்கள் ஆசிரிய பீடத்தில் மூத்த துணையாசிரியர் ஒருவர் இருந்தார். வெற்றிலை போட்டபடி இரவுப் பதிப்பின் பக்கங்களைப் பார்ப்பார். வேலை ஓய்ந்த வேளைகளில் கொழும்புக் குதிரைப் பந்தயத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் விடியும்வரை சொல்வார். பந்தய நாளன்று கறுவாத்தோட்டத்து வீதிகள் மோட்டார் வண்டிகளால் நிறைந்திருக்கும் என்பார். தேசாதிபதி வருவார், தோட்டத்துரைமார் வருவார்கள், சீமாட்டிகளின் தொப்பிகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் வரும். மலிவான பக்கத்தில் துறைமுகத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் வெயிலில் நின்றபடி கையில் பந்தயத் தாளோடு காத்திருப்பார்கள். “ஒரே குதிரைக்காகக் கவர்னரும் கூலியும் ஒரே நேரத்தில் கத்துவதை வேறெங்கே பார்க்கலாம்?” என்பது அவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி.

அவர் சொன்னது பழைய பெருமை. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயர் கொழும்பில் முதலிற் குதிரை ஓட்டியது கடலோரத்துக் காலிமுகத்திடலில். 1893-இல் பந்தயம் அங்கிருந்து கறுவாத்தோட்டத்துக்கு, இன்றைய கொழும்புப் பல்கலைக்கழகத்தை அண்டிய பெருந்திடலுக்கு, மாற்றப்பட்டது. மலையகத்திலே 1875-இல் நுவரெலியாவில் ஒரு திடல் அமைந்திருந்தது. கோப்பித் தோட்டமும் பின்னர் தேயிலைத் தோட்டமும் தந்த செல்வத்தின் விளையாட்டு அது. தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களின் உழைப்பு, அந்தத் திடல்களில் தூசியாகப் பறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தக் கறுவாத்தோட்டத்துத் திடலுக்கும் எங்கள் மட்டக்களப்புக் கடலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது குதிரைகளை நிறுத்திவிட்டு, பந்தயத் திடலின் குறுக்கே விமான ஓடுபாதை அமைத்தார்கள். 1942 ஏப்பிரல் 5-ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தன. அப்படி ஒரு ஓடுபாதை அங்கே இருப்பதை ஜப்பானியர் அறிந்திருக்கவில்லை. ஹரிக்கேன் போர்விமானங்கள் அந்தப் புல்வெளியிலிருந்தே எழுந்து சென்று எதிர்த்தன. அவற்றுட் பல திரும்பி வரவில்லை.

நான்கு நாட்கள் கழித்து, ஏப்பிரல் 9-ஆம் திகதி, அதே ஜப்பானியக் கடற்படையின் விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அப்போது அக்கப்பலில் விமானம் ஒன்றுகூட இருக்கவில்லை. மாலுமிகள் 307 பேர் மாண்டார்கள். கப்பல் இன்றும் அங்கே கடலின் அடியில் கிடக்கிறது. இப்போது உல்லாசப் பயணிகள் சுழியோடிச் சென்று அதைப் பார்க்கிறார்கள். ஒருவருக்குப் போர்க்களம், இன்னொருவருக்குப் பொழுதுபோக்கு. காலம் இடங்களை இப்படித்தான் கைமாற்றிக்கொண்டே இருக்கிறது.

போர் முடிந்ததும் குதிரைகள் திரும்பின. ஆனால், நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1956-இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தின் கீழ்க் கொழும்புப் பந்தயம் முடிவுக்கு வந்தது. அந்நியர் விட்டுச்சென்ற வழக்கம், செல்வந்தரின் கேளிக்கை, ஏழையின் கூலியைத் தின்னும் சூது என்று பலவாறாகச் சொல்லப்பட்டது. அவற்றில் எதையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. சனிக்கிழமை கூலி வாங்கி அன்றைக்கே அதைத் தொலைத்தவர்களின் வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பதை எங்கள் மூத்த துணையாசிரியரே ஒப்புக்கொள்வார்.

1956 என்றால் எங்கள் பகுதியினருக்கு முதலில் நினைவுக்கு வருவது குதிரை அன்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த நாட்களிலேதான் கல்லோயாவில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அம்பாறை அப்போது மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமாகப் பிரிந்தது 1961-இல். உயிர் தப்பி வந்தவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கொழும்பில் ஒரு திடல் மூடப்பட்டதும், எங்கள் வயல்வெளிகளில் அச்சம் குடியேறியதும் ஏறத்தாழ ஒரே காலத்து நிகழ்ச்சிகள். பழைய எசமானர்களின் அடையாளங்களை அகற்றும் வேகத்தில் நாடு எதை இழந்தது, எதைப் பெற்றது என்று கணக்குப் பார்க்கும் போது இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டியிருக்கிறது.

இனிப் பந்தயத்துக்கு வருவோம். குதிரைகள் போயின, திடல் மிஞ்சியது. ஆனால், சூது போகவில்லை. அதுதான் இதில் பலரும் பேசாத பகுதி.

குதிரைப் பந்தயத் திடலில் பணம் எப்படிச் சுழல்கிறது என்பதைச் சற்று விளக்கவேண்டும். திடலில் கட்டப்படும் பந்தயப் பணம் ஒன்றாகத் திரட்டப்படும். அதிலே அரசின் வரியும் கழகத்தின் பங்கும் எடுக்கப்பட்டபின், மிகுதி வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். கழகத்தின் பங்கிலிருந்து பரிசுத்தொகை வரும். அந்தப் பரிசை நம்பிக் குதிரை வளர்ப்பவர் இருப்பார். அவரை நம்பிப் பயிற்சியாளர், சவாரியாளர், இலாயக்காரர், புல் விற்பவர், இலாடம் அடிப்பவர் என்று ஒரு கூட்டம் வாழும். சூதுதான், ஆயினும் அந்தப் பணத்தின் ஒரு பகுதி மண்ணுக்குத் திரும்பியது.

திடலை மூடிய பிறகும் இலங்கையிலே பந்தயக் கடைகள் இருந்தன. ஊரார் அவற்றைப் ‘புக்கி’ என்பார்கள். அங்கே பந்தயம் கட்டப்படுவது இங்கிலாந்திலே ஓடும் குதிரைகள் மீது. இங்கிலாந்தின் பிற்பகல் எங்களுக்கு மாலைப்பொழுது. நாட்கூலி வாங்கிய தொழிலாளி வீடு திரும்பும் வேளையும் அங்கே முதற் குதிரை ஓடும் வேளையும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்துவிட்டன. பின்னாளில் செய்மதித் தொலைக்காட்சி வந்தபோது கடைக்குள்ளேயே ஓட்டத்தைப் பார்க்கவும் முடிந்தது. ஆனால், இந்தக் கடையில் விழும் பணத்திலிருந்து எங்கள் நாட்டு இலாயக்காரன் ஒருவனுக்கும் கூலி போவதில்லை. புல் விற்பவனுக்கும் போவதில்லை. குதிரையைச் சுற்றி இருந்த தொழில்கள் யாவும் மறைந்து, சூது ஒன்றே எஞ்சியது.

என் தாயின் மூத்த சகோதரர் ஒருவர் படுவான்கரையிலே வயல் செய்தவர். எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பார், ஆங்கிலம் தெரியாது. அறுவடை முடிந்து நெல் விற்ற காசோடு மண்முனைத் துறையிலே தோணியேறி எழுவான்கரைக்கு வந்து, பேருந்து பிடித்துப் பட்டினத்துக்குப் போவார். வீட்டுக்குச் சீலை, பிள்ளைகளுக்குக் கொப்பி, கோழித்தீன் என்று வாங்கப் போனவர், பட்டினத்திலே யாரோ ஒருவரின் பழக்கத்தால் புக்கிக்குள் நுழைந்தார். முதல்நாள் வென்றார் என்று கேள்வி. முதல்நாள் தோற்றிருந்தால் நல்லதாக இருந்திருக்கும்.

குதிரையின் வம்சமோ வேகமோ அவருக்கு என்ன தெரியும்? பெயரை வைத்தே தெரிவு செய்வார். நான் விடுமுறையில் ஊருக்கு வந்தால், மடித்து வைத்த பந்தயத் தாளை மடியிலிருந்து எடுத்து நீட்டுவார். “மருமகன், இந்தப் பேருக்கெல்லாம் தமிழ்ல என்ன கருத்து எண்டு சொல்லுங்க” என்பார். நான் சொல்லுவேன். ‘வெள்ளி ஓடை’ என்று பொருள்படும் பெயரென்றால் முகம் மலரும். ‘நள்ளிரவு’ என்றால் தலையை ஆட்டி மறுப்பார். இருளின் பேரில் காசு கட்டக்கூடாது என்பது அவருடைய சாத்திரம்.

சாத்திரம் அவரைக் காக்கவில்லை. முதலில் மாடுகள் போயின. பிறகு மாமியின் காப்பு ஈட்டுக்குப் போயிற்று. கடைசியாக வயலின் ஒரு துண்டு. எங்கள் பகுதியிலே வீடும் வளவும் பெரும்பாலும் பெண்வழிச் சொத்து. மாமியின் பெயரில் இருந்ததால் குடியிருந்த வீடு தப்பியது. எங்கள் முன்னோர்களின் வழமை எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை நான் அன்றைக்குத்தான் முழுமையாக உணர்ந்தேன்.

1982-ஆம் ஆண்டு என்று நினைவு. கண் வைத்தியத்துக்காக மாமா கொழும்புக்கு வந்து என் அறையிலே சில நாட்கள் தங்கினார். ஒருநாள் மாலை, “குதிர ஓடுற இடத்த ஒருக்காக் காட்டுங்க மருமகன்” என்றார். குதிரைகள் நின்று கால் நூற்றாண்டு கடந்துவிட்டது என்று சொன்னேன். இடத்தையாவது பார்க்கவேண்டும் என்றார். அழைத்துச் சென்றேன். பார்வையாளர் மேடையின் சுவரிலே பாசி பிடித்திருந்தது. படிகளின் இடுக்குகளில் ஆலங்கன்றுகள் முளைத்திருந்தன. திடலிலே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பசு மேய்ந்துகொண்டிருந்தது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “இஞ்ச புல்லுத்தானே கிடக்கு. மறுகா நான் காசு கட்டின குதிரயெல்லாம் எங்க ஓடினது?” என்று கேட்டார்.

“இங்கிலாந்தில் மாமா.”

“கடலுக்கு அங்கால ஓடுற குதிரைக்கா என்ட வயல் போனது?”

அதன் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. ஊருக்குத் திரும்பிய பின்னர் புக்கிக்குப் போவதை நிறுத்தினாரா என்று சிலர் கேட்பார்கள். சில மாதங்கள் நிறுத்தினார். பிறகு மீண்டும் போனார். கதைகளிலே வருவதுபோல மனிதர்கள் ஒரு மாலைப்பொழுதில் திருந்திவிடுவதில்லை. 1990-இல் எங்கள் பகுதியில் வாழ்க்கையே சூதாகிப் போனபோதுதான் அவருடைய பந்தயம் நின்றது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1988-ஆம் ஆண்டின் 40-ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பந்தயத் தொழில் மீதும் சூதாட்டத் தொழில் மீதும் வரி விதித்தது. அதாவது, ஏழையைக் கெடுக்கிறது என்று சொல்லித் திடலை மூடிய நாடு, திடலில்லாத சூதிலிருந்து வருமானம் பெறக் கற்றுக்கொண்டது. 2025-இல் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபை ஒன்றை அமைப்பதற்கான சட்டத்தையும் பாராளுமன்றம் நிறைவேற்றியது. பழைய குதிரைப் பந்தயக் கட்டளைச் சட்டத்தின் இடத்தையும் அதுவே எடுத்துக்கொள்கிறது. ஒழுங்குபடுத்துவது நல்லதே. ஆனால், ஒழுங்குபடுத்தப்படுவது வரியா, வறியவனின் இழப்பா என்பதை இனித்தான் பார்க்கவேண்டும்.

திடலின் கதை வேறு விதமாகப் போயிற்று. பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த அந்தப் பழைய மேடையை, போர் முடிந்த பின்னர், பாதுகாப்பையும் நகர அபிவிருத்தியையும் ஒரே அமைச்சு கவனித்த காலத்தில், நகர அபிவிருத்தி அதிகாரசபை புதுப்பித்தது. 2012-ஆம் ஆண்டளவில் அங்கே கடைகளும் உணவகங்களும் திறக்கப்பட்டன. குதிரை ஓடிய புல்வெளி றகர் மைதானமாயிற்று. பழைய கட்டடத்தின் முகத்தோற்றத்தை இடிக்காமல் காத்தார்கள். அதைப் பாராட்டவேண்டும். மாலையிலே நடப்பதற்கு நல்ல இடம். விளக்குகள் அழகாக எரிகின்றன. ஆயினும் ஆலங்கன்று முளைத்த படிகளில் அமர்ந்து காசில்லாமல் பொழுதுபோக்கிய பையன்களை அங்கே இப்போது காண முடிவதில்லை. ஒரு கோப்பை கோப்பியின் விலையைப் பார்த்தால், பழைய காலத்து மலிவுப் பக்கத்துக்காரர்கள் உள்ளே நுழையும் வழி எது என்று கேட்கத் தோன்றுகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது என்பது உண்மை. விலைப்பட்டியலே வாயிற்காவலனாக நிற்கும்போது கட்டணம் எதற்கு?

சிங்கப்பூரிலே நடந்ததையும் பார்ப்போம். அங்கே பந்தயக் கழகம் 1842-இல் தொடங்கியது. முதற்றிடல் இன்று ஃபேரர் பார்க் எனப்படும் இடம். தேக்காவுக்குப் போகும் தமிழர் எல்லோருக்கும் ரேஸ் கோர்ஸ் வீதி தெரியும். மீன்தலைக் கறிக்கும் கோயில்களுக்கும் பெயர்போன அந்த வீதி குதிரைகளை மறந்து வெகுகாலம் ஆயிற்று. 1911-இல் சிங்கப்பூரில் முதன்முதலாக விமானம் பறந்ததும் அந்தத் திடலிலிருந்துதான். 1933-இல் பந்தயம் புக்கித் தீமாவுக்குப் போனது. அங்கிருந்து 1999-இல் கிராஞ்சிக்குப் போனது. 30,000 பேர் அமரக்கூடிய மேடை கிராஞ்சியில் கட்டப்பட்டது. ஆனால், ஒரு பந்தய நாளுக்கு 2010-இல் சுமார் 11,000 பேராக இருந்த பார்வையாளர் தொகை, பெருந்தொற்றுக்குப் பின்னர் சுமார் 2,600 ஆகக் குறைந்தது. 2023 ஜூனில் அரசாங்கம் முடிவை அறிவித்தது. 120 ஹெக்டேயர் நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசிடம் திரும்பவேண்டும். வீடுகளுக்கும் பிற தேவைகளுக்கும் அது பயன்படும். பந்தயக் கழகத்திலே வேலை செய்தவர்களுக்கும் குதிரைகளை வெளிநாடுகளுக்கு அனுப்புவதற்கும் பதினாறு மாத அவகாசம் கிடைத்தது. நிலத்துக்குத் தட்டுப்பாடான தீவு அது. வீடா குதிரையா என்றால், விடை கண்டுபிடிக்கக் கடினமில்லை.

சென்னைக் கிண்டியின் கதை நீதிமன்றங்களின் ஊடாகச் செல்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து குதிரை ஓடிய இடம். 1974-இல் கலைஞர் கருணாநிதியின் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986-இல் எம்.ஜி.ஆர். அரசு கழகத்தையே கையகப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. அரசியலில் எதிரும் புதிருமாக நின்ற இருவரும் குதிரைப் பந்தயத்தில் மட்டும் ஒன்றுபட்டார்கள் என்பது சுவையான செய்தி. ஆனால், 1996 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெருமளவுக்குத் திறமை சார்ந்த ஆட்டமே, வெறும் சூதன்று என்று தீர்ப்பளித்தது. அறத்தின் பெயரால் போட்ட சட்டங்கள் நிற்கவில்லை.

கடைசியில் கிண்டியை வீழ்த்தியது அறமன்று, குத்தகைக் கணக்கு. 160.86 ஏக்கர் நிலம் 1945-இலிருந்து 99 ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 614 ரூபாய் 13 அணா வாடகைக்கு விடப்பட்டிருந்தது. வாடகையை உயர்த்திக் கணக்கிட்ட அரசு 730.86 கோடி ரூபாய் நிலுவை என்றது. கொடுக்கவில்லை என்று 2024 செப்ரெம்பரில் குத்தகையை இரத்துச் செய்தது. அதில் 118 ஏக்கரைச் சூழலியல் பூங்காவுக்கென்று தோட்டக்கலைத் துறையிடம் கொடுத்தது. மழைநீரைத் தேக்குவதற்குக் குளம் வெட்டும் பணியும் தொடங்கியது. வழக்குகள் ஒருபுறம் நடந்தன. ஆண்டுதோறும் வெள்ளத்தில் மிதக்கும் ஒரு நகரத்தின் நடுவிலே அவ்வளவு பெரிய திறந்தவெளியில் குளம் வெட்டுவதை என்னால் குறைகூற முடியவில்லை. கொழும்பின் உணவகங்களைவிட அது எவ்வளவோ மேல்.

இந்தியாவிலே எஞ்சியிருக்கும் பந்தயங்களையும் வரி நெருக்குகிறது. 2023 ஒக்டோபரிலிருந்து பந்தயம் கட்டும் முழுத்தொகை மீதும் 28 வீத வரி. 2025 செப்ரெம்பரில் அது 40 வீதமாயிற்று. மும்பை மகாலட்சுமித் திடலின் 211 ஏக்கரில் 120 ஏக்கரை மாநகராட்சி பூங்காவுக்காக எடுத்துக்கொண்டது. இளைஞர்களுக்கோ கையிலே தொலைபேசி இருக்கிறது. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் பந்தயம் கட்ட முடிகிற காலத்தில், அரைமணிக்கு ஒருமுறை ஓடும் குதிரைக்காக யார் வெயிலில் நிற்பார்? விலங்குகளை வருத்தும் விளையாட்டுகள் மீது மக்களுக்கு வந்துள்ள அருவருப்பும் ஒரு காரணம். ஆகவே குதிரைப் பந்தயம் குறைந்துகொண்டே போகும் என்பதில் ஐயமில்லை. நுவரெலியாவில் ஏப்பிரல் வசந்தகாலப் பந்தயம் ஒரு திருவிழாவைப்போல நிலைத்திருக்கலாம்.

குதிரைப் பந்தயம் மறைவதற்காக நான் கண்ணீர் விடவில்லை. மாமாவின் வயலை நினைக்கும் எவருக்கும் கண்ணீர் வராது. என் கவலை வேறு. சூதைப் பழித்து ஒரு திடலை மூடும்போது இரண்டு சொத்துகள் கைமாறுகின்றன. ஒன்று, நிலம். மற்றொன்று, சூதாடும் பழக்கம். நிலத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்பது பற்றி வழக்குகளும் கட்டுரைகளும் நிறைய வருகின்றன. பழக்கம் எங்கே போகிறது என்பதை எவரும் கேட்பதில்லை. அது கண்ணுக்குத் தெரியும் திடலிலிருந்து, ஜன்னலுக்குத் திரை போட்ட கடைக்குள்ளும் இன்று தொலைபேசிக்குள்ளும் போய்விடுகிறது. திடலில் ஒருவன் சூதாடினால் ஊர் பார்க்கும். பந்தயம் வாரத்துக்கு ஒருநாள்தான். தொலைபேசியில் ஆடுபவனை மனைவிகூடப் பார்ப்பதில்லை; அதற்கு விடுமுறையும் இல்லை.

எங்கள் வாவிக்கரைக்கும் இதில் பாடம் உண்டு. எங்கள் ஊர்களிலே கொம்புமுறி என்றொரு விளையாட்டு இருந்தது. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு இணைந்தது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். இரு கொம்புகளைக் கொழுவி, வடம் கட்டி, இரு பக்கமும் நின்று இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரிக்குத் தோல்வி. தோற்றவர்களை வென்றவர்கள் வசைப்பாட்டாலே வறுத்தெடுப்பார்கள். காசு கைமாறாது. அடுத்த நாள் எல்லோரும் ஒன்றாக வயலுக்குப் போவார்கள். போட்டியின் வெறி மனிதனுக்கு இயல்பு என்பதை அறிந்த முன்னோர்கள், அதற்கு ஒரு வெளியையும் எல்லையையும் வகுத்திருந்தார்கள். அந்த விளையாட்டும் இன்று அருகிவிட்டது. ஆர்வலர்கள் சில இடங்களில் மீட்டெடுத்து நடத்துகிறார்கள்.

அதேபோல எங்கள் கரையோர நிலங்களும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. 2009-க்குப் பின்னர் பாசிக்குடாவிலே உல்லாச விடுதிகள் வரிசையாக எழுந்தன. தோணியை இழுத்துவிடும் இடம் சுருங்கிவிட்டது என்று மீனவர்கள் முறையிட்டதைப் பத்திரிகையாளர்கள் நாங்கள் செய்தியாக எழுதினோம். மட்டக்களப்புப் பட்டினத்திலோ, அமெரிக்காவிலிருந்து வந்து எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்றிய இயேசுசபைத் துறவி வெபர் அடிகளின் பெயரால் ஒரு மைதானம் இருக்கிறது. எந்தச் சாதி, எந்தச் சமயம், எந்த மொழி என்று கேட்காமல் பிள்ளைகள் ஓடும் இடம் அது. அப்படி ஓரிடம் இருப்பதன் அருமை, இல்லாமற் போகும்போதுதான் தெரியும்.

ஆகவே பழைய திடலோ வாவிக்கரையோ, பொதுநிலம் ஒன்றை ‘அபிவிருத்தி’ செய்யப்போகிறோம் என்று யாராவது வரைபடத்தோடு வந்தால், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். காசில்லாதவன் அங்கே எத்தனை மணிநேரம் அமர்ந்திருக்கலாம்? அங்கே தொழில் செய்தவனுக்கு என்ன வழி? எந்தத் தீமையை ஒழிப்பதற்காக அந்த இடம் மூடப்பட்டதோ, அந்தத் தீமை இப்போது எந்த வீட்டு வாசலில் நிற்கிறது? முதலிரண்டு கேள்விகளுக்கும் அதிகாரிகள் ஏதாவது சொல்வார்கள். மூன்றாவது கேள்விக்கு விடை தேடவேண்டியவர்கள் நாங்கள்தான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளிலிருந்தே தேடத் தொடங்கலாம்.